பிரம்மநாயகத்தோடு பெட்டி தாங்கிய பெருந்தகைக்கு

செம்பூர் உபரிப் பண்டகசாலையின் சீர்மிகு மேற்பார்வையாளரே! மாட்டுங்கா வாழ் மாண்பாளர் திரு. அனந்தகிருஷ்ணன் அவர்களே! கண்டிப்பிலும் கனிவு குன்றாக் காவலரே! தங்களுக்குக் கைதட்டி விடைகொடுக்கவேண்டிய இம்மாலையில் கலங்கிய நெஞ்சோடு தங்கள் முன் நிற்கிறோம்; பொறுத்தருள்க!

யுத்தம் ஓய்ந்ததும் பட்டாளம் விட்டுச்சென்ற பண்டங்கள் மலைபோல் நம்மிடம் வந்து குவிந்தன. கூடாரமும் கட்டிலும் குடிநீர்த் தொட்டியும் எந்த இலாகாவுக்குத் தேவை என்று தேடித் தேடிச் சேர்ப்பித்தீர்கள். துருப்பிடித்துக் கிடக்க இருந்த கட்டில்களில் இன்று தர்ம ஆஸ்பத்திரி நோயாளிகள் படுத்திருப்பது தங்கள் தளரா முயற்சியால் அன்றோ!

ஆயினும், சென்ற மழைக்காலத்தின் அந்தக் காலையை இன்றும் நாங்கள் மறக்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்குப் போகவேண்டிய சமையல் பாத்திரங்கள் என்று மேலே எழுதியிருந்த பெட்டி ஒன்றைத் தாராவித் தோழர் பிரம்மநாயகம் தூக்கினார். ஈரத்தில் ஊறிய அடிப்பலகை பிளந்தது. உள்ளே தெரிந்தவை பாத்திரங்கள் அல்ல, பீரங்கிக் குண்டுகள்! யுத்த காலத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்த நாளில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். இறக்கவும் இயலாமல், ஏந்தவும் இயலாமல், சிலையாய் நின்றார்.

எங்கள் அனைவரையும் வெளியேறப் பணித்து, பட்டாளத்துக்கு ஆளும் அனுப்பிவிட்டுத் தாங்கள் உள்ளே சென்றீர்கள்.

“ஐயா, கிட்ட வராதீங்க! பலகை இன்னும் பிளக்குது. எம் பொண்டாட்டி மாசமா இருக்கா. அவளை மட்டும் ஊருக்கு அனுப்பி வச்சிருங்க” என்றார் அவர்.

“நீயே கொண்டுபோய் விடலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு, பிரம்மநாயகம். அடியிலே நான் பிடிச்சுக்கறேன். ஏதாவது பேசிண்டே இரு” என்று தாங்கள் கூறியது தகர அடைப்புக்கு வெளியே நின்ற எங்கள் செவிகளில் விழுந்தது. அதன்பின் மழையோசைதான். பட்டாள நிபுணர்கள் வந்து பெட்டியை வாங்கும்வரை மண்டியிட்டுத் தாங்கினீர்கள். வெளியே வந்தபோது தங்கள் விரல்கள் தண்ணீர்க் குவளையைப் பிடிக்க மாட்டாமல் மரத்திருந்தன. பியூன் காசிம் பாய்தான் புகட்டினார்.

திறந்து சோதிக்காத எதுவும் இனி எந்த இலாகாவுக்கும் போகாது என்று அன்றே தடுத்தீர்கள். தாமதம் என்று மேலிடம் சீறியது, விளக்கம் கேட்டது, பதவி உயர்வை மறுத்தது. தாங்கள் அசையவில்லை. பிரம்மநாயகம் இல்லத்தில் பிறந்த பெண்மகவு செண்பகவல்லி, இதோ, இவ்வவையில் தவழ்கிறாள்!

பெரியீர்! தங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. வடக்குக் கொட்டகையில் மிஞ்சியுள்ள பெட்டிகளைச் சோதனையின்றியே பள்ளிகளுக்கு அனுப்பும்படி, தாங்கள் விடைபெறும் வேளை பார்த்து, உத்தரவு வந்திருக்கிறது. அனுப்புச் சீட்டில் கையெழுத்திட மறுத்தால் வேலை போகும் என்கிறார்கள். எங்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு, உறக்கம் பிடிக்கவில்லை. கூடிப் பேசினோம். அழுதவர்களும் உண்டு. முடிவில் ஒருவரும் கையெழுத்திடவில்லை.

தங்கள் இல்லத்தரசியார் விசாலாக்ஷி அம்மையாருடன் நோய்நொடி இன்றி நெடுங்காலம் இனிது வாழ்க! நாளை நாங்கள் எங்கே இருப்போமோ, அறியோம். இம்மடலிலாவது எங்கள் அத்தனை பேர் கையெழுத்தும் இருக்கட்டும் என்று ஒருவர் விடாமல் இட்டிருக்கிறோம்.

என்றும் தங்கள் அன்பில் அடங்கிய
வானமாமலை, உதுமான், சுந்தரராமன், காசிம், பிரம்மநாயகம்
மற்றும் பண்டகசாலை ஊழியர் அனைவரும்

செம்பூர், பம்பாய்
ஜூன் 1947