கல்முர்சாவின் குடை

— நாலு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்திருக்கேன். வாசல்ல உன் காவல்காரன் என் சாட்டையைப் பிடுங்கி வெச்சுக்கிட்டான். உள்ள வந்தா நீ மாத்திரையைப் பிடுங்கி வெச்சிருக்க. இது ஆஸ்பத்திரியா, எல்லைச் சாவடியா?

— பெரியவரே, முதல்ல உக்காருங்க. ஆஸ்பத்திரிக்குள்ள சாட்டை கொண்டுவரக் கூடாது.

— குதிரைக்காரன் சாட்டையில்லாம வெளிய கிளம்புவானா? எங்கப்பன் கையில இருந்தது அது. பிடியில வெள்ளிப் பூண் போட்டது. அதைக் கொண்டுபோய் துடைப்பத்தோட மூலையில நிறுத்தறான்!

— போகும்போது திருப்பிக் குடுக்கச் சொல்றேன். நானே சொல்றேன், போதுமா? இப்ப உங்க மருமகளைப் பத்திப் பேசுவோம். அனார்கான்தானே அவ பேரு?

— நல்லாக் கேட்ட போ. பேரு தெரியாமத்தான் ஏழு மாசமா அவ தலையில ஒயரை ஒட்டி ஒட்டிப் பிய்ச்சியா?

— கோவிச்சுக்காதீங்க. இந்த ஆராய்ச்சியில அறுபது பேரு இருக்காங்க.

— அறுபது பேரு உனக்கு. எனக்கு ஒருத்திதான். என் மகன் ரஷ்யாவுல கட்டடம் கட்டறான், ஆறு வருஷமா. வீடு, ஆடு, மாடு, ரொட்டி எல்லாம் அவ கையிலதான். நீ மாத்திரையை நிறுத்தி பத்தொன்பது நாளாச்சு. மூணு தடவை விழுந்துட்டா. கடைசியா எங்க விழுந்தா தெரியுமா? ரொட்டி அடுப்புல. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. வெளியதான் உக்காந்திருக்கா, போய் கட்டை அவுத்துப் பாரு.

— பாத்தேன். நர்ஸ் மருந்து போட்டாச்சு. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு, ஐயா.

— உன் வருத்தத்தை நான் என்ன, ஊறுகாயா போடப் போறேன்? மாத்திரையைக் குடு.

— நான் ஆசைப்பட்டா நிறுத்தினேன்? அது புது மாத்திரை. வலிப்பை நிறுத்துது, சரி. ஆனா சில பேருக்கு ஞாபகத்தையும் தின்னுதோன்னு எங்களுக்குப் பயம். வேற ஊர்ல ரெண்டு பேருக்கு அப்படி ஆச்சு. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மூளையைச் சோதிச்சுப் பாக்கறோம். மார்க்கு பாதிக்குக் கீழ இறங்கினா மாத்திரையை நிறுத்தணும். விதி அப்படி. பழைய மாத்திரையைத்தான் எழுதிக் குடுத்தேனே!

— பழைய மாத்திரையைத் தின்னா தூக்கம்தான் வருது. வலிப்பு அது பாட்டுக்கு வருது. எட்டு வருஷமாப் பாத்ததுதானே?

— உங்க மருமகளுக்கு ரெண்டு கிட்னியும் பாதிதான் வேலை செய்யுது. உடம்புல நஞ்சு தேங்கினா மூளைக்குப் போகும். மேற்கொண்டு வலிப்பு. அதுக்கும் மேல இந்த மாத்திரை. மூணும் சேந்து அவ புத்தியை அழிச்சிருச்சுன்னா நாளைக்கு வந்து என்னைத்தானே திட்டுவீங்க?

— புத்தி அழிஞ்சுபோச்சா? யாருக்கு? கேட்டுக்கோ டாக்டரம்மா. என்கிட்ட நாப்பது ஆடு இருக்கு. எந்தக் குட்டி எந்த ஆட்டுக்குப் பொறந்ததுன்னு அவளைக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். செத்துப்போன என் பொண்டாட்டி நெஞ்சுவலிக்கு என்ன வேர் காய்ச்சினான்னு இன்னிக்கும் சொல்லுவா. அவளுக்கா ஞாபகம் போச்சு? உன் கம்ப்யூட்டருக்குத்தான் கிட்னி கெட்டுப்போச்சு.

— கம்ப்யூட்டர் இல்லை, மனுஷன்தான் கேட்டான். இதோ இருக்கு காகிதம். சேரும்போது இருபத்தஞ்சுக்கு இருபத்துமூணு. போன மாசம் ஒன்பது. ஒன்பது, ஐயா! நான் என்ன பண்ணட்டும்?

— என்ன கேட்டான் அவன்? படி. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், உன் கோழிக் கிறுக்கல் எனக்கு ஆகாது.

— ஒரு சின்னக் கதை சொல்லுவோம். அரை மணி கழிச்சு அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவோம். அப்புறம் அதுல இருந்து கேள்வி. அவ்வளவுதான்.

— கதையா? பெத்த பிள்ளை இருக்கிற பொம்பளைக்குக் கதை சொல்லியா மாத்திரையை நிறுத்தின? சரி, சொல்லு. என்ன அப்படிப்பட்ட கதைன்னு நானும் கேக்கறேன்.

— "கல்முர்சா திங்கட்கிழமை காலையில சந்தைக்குப் போனான். ஒரு கறுப்பு ஆட்டையும் ரெண்டு குட்டியையும் வித்தான். திரும்பி வரும்போது பாலத்துல குடையைத் தொலைச்சான்..." என்ன ஐயா? ஏன் எந்திரிக்கிறீங்க?

— என் பேரை எவன்டா உன் கதையில போட்டது?

— உங்க பேரா?

— கல்முர்சா நான்தான். எங்க ஆலாய் மலையில போய்க் கேளு. நான் பொறந்ததுல இருந்து குடை பிடிச்சதே இல்லை. எந்த நாய் இதைக் கட்டிவிட்டது?

— ஐயா, அது யாரோ ஒரு கல்முர்சா. பிஷ்கேக்குல உக்காந்து எழுதின கதை. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

— சரி விடு. அவ என்ன பதில் சொன்னா?

— சந்தை, ஆடு, பாலம், எல்லாம் சொல்லியிருக்கா. ஆனா "சந்தைக்குப் போனது யாரு"ன்னு கேட்டா பதில் இல்லை. "ஆட்டை வித்தது யாரு?" பதில் இல்லை. "குடையைத் தொலைச்சது யாரு?" அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டான்னு கேள்வி கேட்ட பையன் எழுதியிருக்கான். பதினாலு மார்க்கு அதுலயே போச்சு... ஐயா, எதுக்குச் சிரிக்கிறீங்க?

— சிரிக்காம என்ன பண்ண? அட, படிச்ச முட்டாளே! கிர்கிஸ்காரிதானே நீ? எந்த வீட்டு மருமக மாமனார் பேரை வாயில எடுப்பா? நாக்கை அறுத்தாலும் எடுக்கமாட்டா. குடை தொலைச்சவன் வேற ஆளா இருந்தா என்ன, பேரு என் பேருதானே?

— அந்த வழக்கம்... நான் கேள்விப்பட்டிருக்கேன். இப்பவும் யாரு அப்படி இருக்காங்க?

— பிஷ்கேக்குல பொறந்து ரஷ்யப் பாஷை பேசி வளந்தவளுக்கு எப்படித் தெரியும்? உன் மாமனாரை நீ "ஏய்"னுதான் கூப்பிடுவ.

— அவரு போய்ச் சேந்து பத்து வருஷமாச்சு. பேரு சொல்லித்தான் கூப்பிட்டேன். அவரு ஒண்ணும் குறைஞ்சு போகலை.

— அதான் போய்ச் சேந்துட்டாரு.

— வாயை அளந்து பேசுங்க, பெரியவரே.

— நீ முதல்ல மார்க்கை அளந்து போடு! பத்தொன்பது நாளா ஒரு பொம்பளையை நெருப்புல தள்ளிட்டு, எனக்கு மரியாதை சொல்லித் தர்றியா?

— ...தப்புதான். ஒத்துக்கறேன். முதல் தடவை சொன்ன கதையில ஒரு பொம்பளை பேரு இருந்தது. அதான் அப்ப எல்லாம் சரியாச் சொல்லியிருக்கா. ஒரே கதையைத் திருப்பிச் சொன்னா மனப்பாடம் ஆயிருமேன்னு மாத்தினோம். இது எங்களுக்குத் தோணவே இல்லை.

— தோணலை. எனக்குப் பள்ளிக்கூடம் ஆறு வருஷம். எனக்குத் தோணுது. சரி, இப்ப இருபத்துமூணுன்னு எழுது.

— நானா எழுதினா அது திருட்டு. சோதனை தப்பா நடந்ததுன்னா மறுபடி நடத்தலாம், அதுக்கு இடம் இருக்கு. ஆனா அவ வாயால சொல்லணும். இந்தக் கதையைத்தான். அந்தப் பேரோட.

— அவ சொல்லமாட்டா.

— அப்ப மாத்திரை வராது. அதுவும் என் கையில இல்லை.

— என்னம்மா நீ, கல்லுல செஞ்சவளா?

— இருங்க. கூப்பிடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. அவ ஸ்கேன்ல இடது காதுக்கு மேல ஒரு பழைய தழும்பு மாதிரி தெரியுது. உள்ள, மூளையில. கிட்னியால வர்ற வலிப்புக்கு அப்படித் தழும்பு இருக்காது. அடிபட்டு வந்ததுன்னா வைத்தியமே வேற. அறுவை பண்ணி எடுத்துட்டாக்கூட வலிப்பு நின்னு போகலாம். தலையில எப்பவாவது அடிபட்டுதா?

— சேரும்போதே கேட்டீங்க. இல்லைன்னாச்சு.

— இங்கயும் "இல்லை"ன்னுதான் எழுதியிருக்கு. சொன்னது அவளா, நீங்களா?

— நான் பக்கத்துல இருக்கும்போது அவ எதுக்குப் பேசணும்? நான்தான் சொன்னேன். என் வீட்டுல அவ ராணி மாதிரி இருக்கா. கேட்டது போதும், கூப்பிடு அவளை. நான் சொன்னாச் சொல்லுவா.

— அனார்கான்! உள்ள வாம்மா. கையைப் பாத்து, கதவுல இடிச்சுக்காத.

— வந்துட்டேன் டாக்டர். மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?

— பஸ்ஸை விடு. இந்தம்மா ஒரு கதை சொல்லுமாம். பழைய கதைதான். அதுல என் பேரு வரும். நீ அப்படியே திருப்பிச் சொல்லு, பேரோட.

— பேரோடவா? வேண்டாம் மாமா.

— வேண்டாம்னா? மாத்திரை வேணாமா உனக்கு? இன்னொரு கையையும் வேகவெக்கணுமா?

— "பெரியவரு"ன்னு சொல்றேன் டாக்டர். இல்லைன்னா எழுதிக் காட்டறேன். அது ஆகாதா?

— ஆகாதும்மா. ஞாபகம் இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா சொன்னாத்தான் மார்க்கு.

— கேட்டுக்கோ, மருமகளே. மாமனார் நான், நானே உத்தரவு குடுக்கறேன். டாக்டரம்மா சாட்சி. சொல்லு.

— உத்தரவா?

— உத்தரவு.

— வீட்டுக்குப் போனதும் மாத்திப் பேசமாட்டீங்களே?

— பேசமாட்டேன்னா பேசமாட்டேன். எத்தனை தடவை சொல்றது? வாயைத் திற!

— கதை சொல்லவே வேண்டாம் டாக்டர். எனக்கு மனப்பாடமா இருக்கு. கல்முர்சா திங்கட்கிழமை காலையில சந்தைக்குப் போனான். கல்முர்சா ஒரு கறுப்பு ஆட்டையும் ரெண்டு குட்டியையும் வித்தான். திரும்பி வரும்போது கல்முர்சா பாலத்துல குடையைத் தொலைச்சான். ரொட்டி விக்கிற பொம்பளை அதை எடுத்து வெச்சிருந்தா. கல்முர்சா அவளுக்கு நன்றி சொல்லாமலே வாங்கிட்டுப் போயிட்டான்.

— பாத்தியா டாக்டரம்மா? ஒரு மாசம் முன்னாடி கேட்ட கதை! இத்தனை தடவை பேரைச் சொல்லணும்னு இல்லை, இருந்தாலும் சரி. போடு மார்க்கை!

— இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு. மாத்திரைக்கு இப்பவே எழுதறேன். அனார்கான், கடைசியா ஒரு கேள்வி. இது எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். வேற எதுவும் ஞாபகம் இருக்கா?

— இருக்கு டாக்டர். கதையில வராதது.

— ஏய், முடிஞ்சுதும்மா. கிளம்பு, பஸ் போயிரும்.

— சொல்லட்டும் ஐயா. நீங்க சும்மா இருங்க.

— இந்தப் பேரை இதுக்கு முன்னாடி நான் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கேன். கல்யாணமாகி பதினோராவது நாள். வீடு நிறைய விருந்து. கொல்லையில வைக்கோல் போர்ல தீ பிடிச்சிருச்சு. நான்தான் முதல்ல பாத்தேன். "மாமா, மாமா"ன்னு கத்தினேன். இருபது தாடிக்காரங்க உக்காந்திருந்தாங்க. யாரோ யாரையோ கூப்பிடறாங்கன்னு ஒருத்தரும் திரும்பலை. அப்புறம்தான் "கல்முர்சா, தீ!"ன்னு கத்தினேன். அது கேட்டுது. ஓடி வந்தாங்க, அணைச்சாங்க. மாடு ரெண்டும் பிழைச்சுது.

— நல்லதுதானே பண்ணின?

— நல்லதுதான் டாக்டர். அணைச்சு முடிச்சு, கையைக் கழுவிட்டு, விருந்தாளிங்க முன்னாடி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாரு. இடது காதுக்கு மேல. மூணு நாள் எனக்குக் கண்ணு தெரியலை. நாலாவது மாசம் முதல் வலிப்பு வந்துது.

— எல்லாரும் சிரிச்சாங்கம்மா! புதுசா வந்த பொண்ணு, நாயைக் கூப்பிடற மாதிரி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா... இருபது பேரு சிரிச்சா நான் என்ன பண்ணுவேன்? ஒரே ஒரு தட்டு. கேட்டுக்கோ, ஒரு தட்டு.

— எதால தட்டினீங்க, பெரியவரே?

— கையாலதான். வேற எதால?

— கையால இல்லை டாக்டர், கையில பிடிச்சிருந்ததால. இப்ப வாசல்ல துடைப்பத்தோட மூலையில நிக்குது. மாத்திரையைக் குடுங்க. அதை மட்டும் கல்முர்சாகிட்ட திருப்பிக் குடுக்காதீங்க.