கையைப் பற்றித்தான் கேட்டார்கள்

ஜூலை மாதத்தில் எனக்கு மத்தியானச் சாப்பாடு சரியாக இறங்காது. இருபது வருடமாக அப்படித்தான். அந்த சாண்ட்விச்சை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், மிஸ் டெல்லூக்கா. எனக்குக் காப்பி போதும்.

பேஸ்பால் அணியின் பொது மேலாளர் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். வீரர்களைக் கைமாற்றிக்கொள்வதற்கான கெடு ஜூலையோடு முடிகிறது. அதற்குள் யாரைக் கொடுப்பது, யாரை வாங்குவது என்று முடிவுசெய்தாக வேண்டும். அந்த நாட்களில் போன் பண்ணுகிற ஒவ்வொருவனும் எதையோ மறைக்கிறான் என்றே நினைத்துக்கொண்டு பேச வேண்டும். ஆகவே லீக்கின் விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் மூன்று நாளாக என்னைப் பார்க்கிற பார்வையை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் மார்னி கோவால் விஷயத்தை முடித்துவிடுகிறேன். எங்கள் இளநிலை அணியின் உடல்நலப் பொறுப்பு அவரிடம் இருந்தது. யெர்லின் பெகேரோ மயங்கி விழுந்ததை அவர் மறைத்துவிட்டார் என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. அவர் மறைக்கவில்லை. தேதி, நேரம் போட்டு எழுதி வைத்தார். அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்தவன் நான். இதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யெர்லினை டொமினிக்கன் குடியரசிலிருந்து கொண்டுவந்ததும் நான்தான். பானி என்ற ஊர். அவனுக்கு அப்போது பதினாறு வயது. வெற்றுக்காலோடு நின்று வீசினான். எதிரே பந்தைப் பிடித்தவன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதிக்கொண்டான். எனக்கு அது போதுமாக இருந்தது. நான்கு வருடத்தில் மணிக்குத் தொண்ணூற்றெட்டு மைல் வேகத்துக்கு வந்துவிட்டான். என்னைத் 'தலைவரே' என்பான். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் தங்கினான். என் மனைவி செய்த இறைச்சி ரொட்டியை நான்கு துண்டு சாப்பிட்டு முடித்துவிட்டு என் காதருகே வந்து மெதுவாக, "ரொம்ப நல்லா இருந்துச்சு தலைவரே, சோறு எப்ப போடுவாங்க?" என்று கேட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அரிசி வாங்கி வைத்திருக்கிறோம். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அவனிடம் எனக்கு ஒட்டுதல் இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம்.

போன வருடம் மே மாதம், பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவன் விழுந்தான். மார்னி என்னைக் கூப்பிட்டார்.

"வெயில்னு நெனைக்காதீங்க லோவெல். காலையில பத்து மணி, நானே ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கால் தடுக்கல, ஒண்ணுமில்ல. வெளக்கு அணைஞ்ச மாதிரி விழுந்தான். அரை நிமிஷம் கழிச்சு எழுந்து, எதுக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்கன்னு கேக்கறான்."

நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொள்ளவும் செய்தேன். இரண்டரை மணி நேரம் நானே கார் ஓட்டி, வேறு ஊரில் இருக்கும் இதய மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஓஸ்டர்ஹவுட் என்று பெயர். நிதானமான மனிதர். படங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பிக்கு இங்கிலீஷ் எவ்வளவு புரியும்? போன்ல மொழிபெயர்க்கறதுக்கு ஆளுங்க இருக்காங்க, கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நான் பதினஞ்சு வருஷமா இந்தப் பசங்ககூட ஸ்பானிஷ்லதான் பேசிட்டிருக்கேன். தெரியாத குரல் கேட்டா பயந்துடுவான்."

மொழிபெயர்ப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் கண்டுபிடித்து வைத்திருப்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

டாக்டர் என்னைப் பார்த்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, பேசினார். "இதயத்தோட சுவர் தடிச்சிருக்கு. பொறவியிலேயே வர்றது. இனிமே இவர் விளையாடவே கூடாது. ஒரு பந்துகூட வேகமா வீசக்கூடாது. திடீர்னு நின்னுபோகும், முன்கூட்டி அறிகுறி எதுவும் வராது. இத அவருக்கு நல்லாப் புரியற மாதிரி சொல்லுங்க."

யெர்லின் என் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றாரு தலைவரே?"

"நெறைய தண்ணி குடிக்கணுமாம். காலையில வெறும் வயித்தோட ஓடக்கூடாதாம்."

அவன் சிரித்துவிட்டான். "இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்காரு? எங்க ஊர் டாக்டருங்க சாகக் கெடக்கறவன்கிட்டயே ஜோக் அடிப்பாங்க." எழுந்துபோய் டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். அவன் வெளியே போன பிறகு டாக்டர் என்னிடம், "இந்த வயசுல இவ்வளவு தைரியமா ஏத்துக்கிட்ட ஆள நான் பார்த்ததில்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அதை நான் முன்கூட்டித் திட்டமிடவில்லை. அவன் கேட்டான், என் வாயில் அந்தப் பதில் வந்தது. திரும்பி வரும்போது அவன் பக்கத்து இருக்கையில் தூங்கினான். எனக்கு யோசிக்க இரண்டரை மணி நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அவன் ஊருக்குத் திரும்பிப்போவான். இருபது வயதில், வீசத் தெரிந்ததைத் தவிர வேறொன்றும் தெரியாதவன். அங்கேயும் ஏதாவது காலி மைதானத்தில் வீசத்தான் செய்வான், அவன் சுபாவம் அது. எங்களுக்கும் நான்கு வருட உழைப்பு போய்விடும். யாருக்குமே உதவாத உண்மை அது என்று எனக்குப் பட்டது. உங்களுக்கு அப்படிப் படவில்லை என்றால், நீங்கள் அந்தக் காரில் இல்லை என்பதுதான் காரணம்.

கார்விக் ஒரு சின்ன ஊர். எங்கள் ஹெரன்ஸ் அணி நாற்பத்தொரு வருடமாகக் கோப்பையைத் தொட்டதில்லை. போன வருடம் எங்களிடம் வீச ஆட்கள் இருந்தார்கள், ஓட ஆட்கள் இருந்தார்கள், நடுவில் நின்று அடிக்க ஒருவர் இல்லை. டூசான் அணியில் பிராண்ட் கெஸ்லர் இருந்தார். முப்பத்துநான்கு வயது, முந்நூற்றுத் தொண்ணூறு தடவை பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தவர். அந்த அணி தோற்றுக்கொண்டிருந்ததால் அவரைக் கொடுத்துவிட்டு இளம் பையன்களை வாங்கி மறுபடி முதலிலிருந்து கட்ட நினைத்தார்கள்.

யெர்லினை ஜூன், ஜூலை முழுவதும் வீச வைத்தேன். ஒன்பது ஆட்டம். எதிலும் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்று பயிற்சியாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். என்னால் முடிந்த ஜாக்கிரதையை நான் எடுத்துக்கொண்டேன். மார்னி இரண்டு தடவை வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். இரண்டாவது தடவை கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "காகிதம் எதுவும் வரலையே லோவெல். அவன் வீசும்போது நான் பந்தப் பாக்கறதில்ல, அவனத்தான் பாத்துட்டிருக்கேன்." தண்ணீர் குறைவுதான், காகிதம் வரும் என்றேன். அவர் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நவம்பரில் ஆட்குறைப்பு வந்தபோது அவர் பெயரைச் சேர்த்தேன்.

டூசான் அணியின் மேலாளர் ஹட்சன்ஸும் நானும் ஒரே வருடத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். அவர் முதலில் கேட்டது யெர்லினை அல்ல. இன்னொரு பையனை. அப்போது நான், "யாரை வேணும்னாலும் கேளு, பெகேரோவை மட்டும் கேக்காத" என்றேன். அடுத்த நாளே அவர் பெகேரோவைக் கேட்டார். முடியாது என்றேன். மூன்று தடவை முடியாது என்றேன். கெடுவுக்கு முந்தின நாள் மறுபடி கூப்பிட்டார்.

"யோவ், ஒரு வார்த்தை கேக்கறேன். பெகேரோ கைக்கு ஏதாவது ஆயிருக்கா?"

"முப்பத்துநாலு வயசு ஆளு, கெஸ்லர் முட்டிக்கு ஏதாவது ஆயிருக்கா?"

"பேச்ச மாத்தாத. கை எப்படி?"

"இரும்பு."

"தோள்?"

"உன் டாக்டர வெச்சுப் பாத்துக்கோ. ஏதாவது இருந்தா திருப்பி அனுப்பு, நான் சந்தோஷமா வாங்கிக்கறேன்."

"உன்னைய நம்பறதா வேண்டாமான்னு இருபது வருஷமா எனக்குத் தெரியலைய்யா" என்றார். பிறகு, "சரி, அவனோட இன்னும் ரெண்டு பேரக் குடு. கெஸ்லர் உனக்கு" என்றார்.

அவர்கள் தோளை, முழங்கையை, மணிக்கட்டைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பிப்ரவரியில் எடுத்த பழைய பரிசோதனை அறிக்கையை அனுப்பினேன், அதில் குறை ஒன்றும் இல்லை. யாரும் என்னிடம் இதயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை என்பதுதான் நடந்தது.

யெர்லினிடம் செய்தியைப் போனில் சொன்னேன். "நான் என்ன தப்பு பண்ணேன் தலைவரே?" என்றான்.

"ஒரு தப்பும் பண்ணல. அங்க உன்னை நேரா பெரிய லீக்ல எறக்குவாங்க. இங்க இருந்தா இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

அது முழு உண்மை. பத்து நாளில் இறக்கினார்கள். பெரிய லீக்கில் மூன்று ஆட்டம் முழுசாக வீசினான். பானியிலிருந்து புறப்படுகிற நூறு பையன்களில் ஒருவனுக்குக்கூட அது கிடைப்பதில்லை. அந்த மூன்று ஆட்டத்தை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது யார் என்பதையும் உங்கள் அறிக்கையில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

நான்காவது ஆட்டம் ஆகஸ்டு கடைசி ஞாயிறு, பகல் ஆட்டம். அதே நேரம் எங்கள் மைதானத்திலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் கெஸ்லர் அடித்த பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போனது. முப்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். போன் அடித்தது காதில் விழவில்லை, சட்டைப்பையில் அதிர்ந்ததால் எடுத்தேன். ஹட்சன்ஸ்.

"பையன் போயிட்டான் லோவெல்."

"எங்க போயிட்டான்?" என்றேன். கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டானோ என்றுதான் உண்மையிலேயே நினைத்தேன்.

"வீசற மேட்டுலயே. பந்து கைய விட்டுப்போச்சு, அப்படியே முன்னால விழுந்தான்." பின்னணியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். "உனக்குத் தெரியுமா?"

"எது தெரியுமான்னு கேக்கற?"

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் பத்து மாதம் எதுவும் செய்யவில்லை. டூசான்காரர்கள் பத்திரிகைகளிடம் வெயில் என்றுதான் சொன்னார்கள், சரியாகப் பார்க்காமல் இறக்கியதற்குத் தங்கள் மேல் பழி வருமோ என்ற பயம் அவர்களுக்கு. சந்தேகம் அவருக்கு அன்றே வந்திருந்தால் அன்றே உங்களிடம் வந்திருக்க வேண்டும். இது என் அபிப்பிராயம்.

அடக்கத்துக்கு நான் போனேன். எங்கள் அணியிலிருந்து போனது நான் ஒருவன்தான். அவன் அம்மா மிரேலிஸ் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். டூசான் மருத்துவமனையில் கொடுத்தது, ஆங்கிலத்தில் இருந்தது.

"ஊர்ல யாருக்கும் இது சரியாப் படிக்க வரல. நீங்க வருவீங்கன்னுதான் வெச்சிருந்தேன். என்ன எழுதியிருக்கு?"

இதய நோய் என்று எழுதியிருந்தது. பரம்பரையாக வருவது, உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, தாமதிக்காமல் பரிசோதிக்கவும் என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்ற கேள்வி அந்த வீட்டில் கிளம்பினால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"வெயில் தாங்கலன்னு எழுதியிருக்கும்மா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "பானில இல்லாத வெயிலா?" என்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், அவர் திருப்பிக் கேட்கவில்லை.

பெட்டியைத் தூக்கியவர்களில் தம்பி விஸ்மெரும் இருந்தான். பதினெட்டு வயது. முன்பக்கக் கைப்பிடி அவன் கையில் இருந்தது, மேட்டில் ஏறும்போது மொத்தப் பாரத்தையும் அவன்தான் தாங்கினான். தோள் அண்ணனைவிட அகலம். மறுநாள் காலை அவனை வீசச் சொல்லிப் பார்த்தேன். ஜனவரியில் ஒப்பந்தம் போட்டேன். மிரேலிஸ் சம்மதிக்க நான்கு மாதம் பிடித்தது. "இவனுக்கும் அந்தப் பைத்தியம்தான். நீங்க பக்கத்துல இருந்தா சரி. வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க" என்றார். குடும்பத்தில் நோய் எதுவும் கிடையாது என்ற படிவத்தை நானே நிரப்பி, நானே கையெழுத்துப் போட்டேன். அந்தக் குடும்பத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

போன அக்டோபரில் கோப்பையை வென்றோம். கடைசி ஆட்டத்தில் கெஸ்லர் மூன்று ஹோம் ரன் அடித்தார். நாற்பத்தொரு வருடம் காத்திருந்த கிழவர்கள் தெருவில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் அந்தத் தெருவுக்குப் போய்க் கேட்கலாம்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? விஸ்மெரா? அவன் ஃப்ளோரிடாவில் எங்கள் கடைநிலை அணியில் இருக்கிறான். அங்கே பன்னிரண்டு மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும். இன்று அவன்தான் வீசுகிறான், இப்போது மூன்றாவது இன்னிங்ஸாக இருக்கும். இரண்டு அணியின் ஆட்கள் அவனை வாங்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறார்கள், அதில் ஒன்றுகூட டூசான் இல்லை, அதைப் பார்த்துத்தான் வரச் சொன்னேன். நீங்கள் தாராளமாகப் போன் பண்ணுங்கள், நான் தடுக்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். விஸ்மெருக்கு அந்த நோய் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இதுவரை எந்த டாக்டரிடமும் அவனை நான் கூட்டிப்போகவில்லை. அண்ணன் விஷயத்தில் நான் செய்த ஒரே தப்பு, தெரிந்துகொண்டதுதான். தம்பி விஷயத்தில் அந்தத் தப்பை நான் செய்யவில்லை.