வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலிகள்

அளந்த பின்னரே அறுக்கும் அண்ணலே! அவசரத்தை அடியோடு வெறுக்கும் ஆசானே! முப்பத்தோராண்டுகள் எங்கள் பள்ளியின் வடிவமைப்புப் பட்டறையை, காதில் செருகிய பென்சிலையே செங்கோலாகக் கொண்டு ஆண்ட பெருந்தகையே! வணக்கம்.

பொறியியல் என்றால் ஸ்பேனரைத் தூக்குவது என்று நினைத்து ஓடிவரும் மாணவர்களை, முதல் வாரம் முழுவதும் ஒரு திருகாணியைக்கூடத் தொட விடமாட்டீர்கள். "யாருக்கு வேணும்? எதுக்கு வேணும்? போய்க் கேட்டுட்டு வா" என்று துரத்திவிடுவீர்கள். நாயின் சோற்றுத் தட்டுக்குத் தாங்கி செய்ய வந்த மாணவியை, இரண்டு நாள் நாயின் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொன்னவரல்லவா தாங்கள்! கேட்டு வந்தபின் அளவும் வரம்பும் எழுத வேண்டும். ஒன்றுக்கு மூன்றாய் வரைந்து, ஒன்றைத் தேர்ந்து, அட்டையில் மாதிரி செய்து, அதை உடைத்துப் பார்த்து, உடைந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி வரைய வேண்டும். ஒப்படைத்தாலும் தப்ப முடியாது. ஒரு மாதம் கழித்து நேரில் போய், பொருள் பயன்படுகிறதா, மூலையில் கிடக்கிறதா என்று பார்த்து வந்தால்தான் மதிப்பெண்.

இத்தனையும் அறிந்த தங்கள் சக ஆசிரியர்களாகிய நாங்கள் செய்த பிழையை இம்மடலில் மறைப்பது முறையன்று.

எட்டாண்டுகளுக்கு முன் தங்கள் துணைவியார் மறைந்த பிறகு, தாங்கள் ஆசிரியர் அறைக்குச் சாப்பிட வருவதை நிறுத்தினீர்கள். மரத்தூளைத் துடைத்துவிட்டு, ரம்பத்துக்கு எதிரே டப்பாவைத் திறந்தீர்கள். 'அவருக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்' என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஆண்டிலேயே மாணவர்கள் கழற்றிப் பார்த்துக் கற்பதற்கென்று உறுதியான நாற்காலிகள் ஒவ்வொன்றாய்ப் பட்டறைக்கு வந்தன. மூட்டுகளின் நேர்த்தியை மெச்சினோம். எங்கிருந்து வந்தன என்று அதையும் கேட்கவில்லை.

தங்கள் பணி ஓய்வுக்குப் பிரிவுப் பரிசாகச் சாய்வு நாற்காலி ஒன்றை இரகசியமாகச் செய்தோம். தாங்கள் வழக்கமாகச் சாயும் கதவு நிலையில் குறியிட்டு முதுகின் உயரத்தை அளந்தோம். மூன்று வரைபடம் போட்டோம். நூறு கிலோ மணல் ஏற்றிச் சோதித்தோம். முதல் கேள்வியை மட்டும் விட்டுவிட்டோம். போன வாரம் நம் பட்டறை உதவியாளர், தங்கள் வீட்டு வாசலின் அகலத்தை அளக்க ஏதோ சாக்குச் சொல்லி வந்தார். அவரை உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் நின்றுகொண்டே பேசினீர்களாம். வீட்டில் இருந்ததே ஒரு நாற்காலி. "எனக்கு உட்கார இது போதும்ப்பா. வர்றவங்களுக்குத்தான் இல்ல. யாரும் வர்றதில்லையேன்னு மத்ததைப் பசங்களுக்குக் கொடுத்துட்டேன்" என்றீர்களாம். அவர் வந்து அதைச் சொன்ன மதியம்தான், பட்டறை நாற்காலிகள் எங்கிருந்து வந்தன என்பது எங்களுக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது ஐயா.

சாய்வு நாற்காலியைப் பிரித்தோம். இம்முறை முதலில் கேட்டோம். எத்தனை நாற்காலி வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "அதை நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டீர்கள். நெடுநேரம் பேசி, மூன்று என்று முடிவு செய்தோம். இதோ மேடையில் இருப்பவை அவைதான். ஒரு வார வேலையல்லவா, நடுவிலிருப்பது சற்றே ஆடும்.

நாளை முதல் பட்டறைச் சாவி வேறொருவர் கையில் இருக்கும். ரம்பத்துக்கு எதிரே உள்ள அந்த இடம் வெறுமையாய் இருக்கும். அதைக் கடக்கும்போதெல்லாம் எங்களுக்கு வலிக்கும். தாங்கள் நோயற்று, நிறைவுற்று, நூறாண்டு காண வேண்டும் என நெஞ்சார வாழ்த்துகிறோம்.

ஒப்படைப்போடு வேலை முடிவதில்லை என்பது தாங்கள் இயற்றிய சட்டம். ஆகவே மாதந்தோறும் முதல் ஞாயிறு மாலை எங்களில் மூவர் தங்கள் இல்லம் வந்து, நாற்காலிகளில் உட்கார்ந்து, நடு நாற்காலி இன்னும் ஆடுகிறதா என்று சோதிப்போம். இன்று மாலையே அந்த நாற்காலியின் காலைத் தாங்கள் சீவிச் சரிசெய்துவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆடாவிட்டாலும் வருவோம்.

இவண்,
எட்டாண்டு தாமதமாகக் கேட்ட
ஆசிரியர் அறையினரும் பட்டறை உதவியாளரும்