சுக்கான் பட்ட இடம்

எழுபத்தொன்பதாம் வருஷம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், மில்லின் முதல் சங்கு ஊதியபோது நான் படகின் சுக்கானைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழைய பாய்ப்படகு வைத்திருப்பவன் வருஷத்துக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். பாய் கிழிந்தாலும் எப்படியாவது கரைக்கு வந்துவிடலாம். சுக்கான் போய்விட்டால் படகு காற்று சொன்னபடிதான் போகும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. இருபது வருஷம் தூத்துக்குடித் தோணிகளில் கொழும்புக்குப் போய்வந்தவன் நான். ஊர் திரும்பும்போது சிறிய படகு ஒன்றை விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றி வந்தேன். ஆனையூருக்கு வடக்கே எங்கள் கண்மாய் நிறையும் வருஷங்களில் அதை மிதக்கவிடுவேன். கரையில் ஆட்கள் கூடிப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடிக்கும்.

தவசி என் தங்கை மாயக்காளின் புருஷன். இரண்டு பேரும் சுண்ணாம்புக் காளவாசலில் கல் சுமந்தார்கள். எங்கள் பக்கம் சுண்ணாம்பு சுடும் கல்லுக்கும் சுக்கான் என்றுதான் பெயர். மார்கழியில் ஒருநாள் அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். திருப்பத்தில் "சுக்கானத் திருப்பு மாப்ள" என்று சத்தம் போட்டேன். அவன் கரைக்குக் கேட்கும்படி பதில் சொன்னான்.

"எந்தச் சுக்கான மச்சான்? நானும் தெனம் கூட கூடயாச் சுக்கான் சொமக்கேன். அது ஒண்ணும் திரும்பக் காணோமே."

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு பேச்சுக்காக யாரும் யாரையும் வெறுக்க மாட்டார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொங்கலன்று தங்கைக்குச் சீர் கொண்டுபோனேன். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, ஒரு சேலை. தட்டை வாங்கக் கை நீட்டியபோது பார்த்தேன். தோளிலிருந்து முழங்கை வரை கன்றிக் கறுத்திருந்தது.

"என்ன தாயி இது?"

"சுக்கான் பட்டுருச்சுண்ணே. அத விடுங்க. உக்காந்து சாப்புடுங்க."

கதவோரம் என் படகின் கைப்பிடி சாய்ந்திருந்தது. சுக்கானைத் திருப்புகிற நீளக் கட்டை, புளியமரம். முனை பிளக்காமல் இருக்க இரும்புப் பூண் அடித்துத் தருவதாகத் தவசி வாங்கிப் போயிருந்தான். பூண் புதிதாக மின்னியது.

மேற்கொண்டு அவளிடம் கேட்கவில்லை. பெண்கள் புருஷனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். கைப்பிடியை எடுத்துக்கொண்டேன். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் ஒத்தாசைக்கு வரும்படி தவசியிடம் சொன்னேன். சரி என்றான்.

சொன்னபடி வந்தான். சுக்கான் பலகையை இரண்டு கட்டைகளின் மேல் கிடத்தினோம். முதலில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல மரம் கணீரென்று பேசும். நீர் ஊறிய மரம் சத்தத்தை விழுங்கிவிடும். அடிப்பக்கம் ஒரு சாண் ஊறியிருந்தது. அதைச் சுரண்டி, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசினேன். அடுத்தது இரும்பு. சுக்கானில் இருக்கும் இரண்டு முளைகள் படகின் பின்பக்க வளையங்களில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றேன். தவசி குனிந்து கீழ் முளையைத் தடவினான்.

"மச்சான், இது உள்பக்கமாத் தேஞ்சு கெடக்கு. இம்புட்டுதான் நிக்கிது. இதோட போயிருந்தீகன்னா நடுக் கம்மாயில கழண்டிருக்கும். இருவது வருசக் கப்பக்காரரு கண்ணுக்கு இது தெரியலையாக்கும்."

சிரித்தான். அப்போது கரையில் யாரும் இல்லை.

தங்கைக்காகச் செய்தேன். பூண் இருந்த முனையால் அவன் பிடரியில் அடித்தேன். முழங்காலில் விழுந்தான். நான் தடுக்கி அவன்மேல் சாய்ந்துவிட்டதாக நினைத்தானோ என்னவோ, திரும்பி என்னைத் தாங்கக் கையை நீட்டினான். அடுத்த அடியில் அந்தக் கை முறிந்து எலும்பு வெளியே வந்தது. அதற்கடுத்தது வாயில். பற்கள் குங்கிலியச் சட்டிக்குள் விழுந்தன. தலை ஒரு நிலையில் நிற்கவில்லை. முடியைப் பிடித்துச் சுக்கான் பலகையின் மேல் வைத்துக்கொண்டேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் சத்தம் மாறியது. மரத்தைப் போலத்தான். அதன் பிறகு நிறுத்தினேன்.

கைப்பிடியைக் கண்மாயில் கழுவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. பூண் அசையவில்லை. நல்ல கொல்லனிடம்தான் கொடுத்திருக்கிறான்.

பாயை எடுத்து அவன்மேல் போர்த்தினேன். பிறகு கீழ் முளையைத் தடவிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. பெட்டியில் வேறு முளை இருந்தது. மாற்றினேன். பலகையைத் துடைத்து, வளையங்களுக்கு எண்ணெய் விட்டு, சுக்கானைப் படகில் மாட்டினேன். ஆட்டம் இல்லை. வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

மாயக்காள் எங்கள் இருவருக்கும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். பாய்க்கு வெளியே கால்கள் தெரிந்தன. வாளியைக் கீழே வைத்தாள். பாயின் நுனியை விலக்கினாள். வெகுநேரம் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"இனிமே ஒன்மேல சுக்கான் படாது, தாயி" என்றேன்.

அவள் என் கையில் இருந்த கட்டையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"காளவாசல்ல கூடை சரிஞ்சு கல்லு விழுந்துச்சுண்ணே. அவருதான் ஓடியாந்து அம்புட்டுக் கல்லையும் அள்ளித் தள்ளுனாரு. சுக்கான்னா கல்லுன்னு... ஒங்களுக்கா தெரியாது?"