மிச்சத் துணி

ஐயோ, மன்னிச்சுக்கோம்மா. கேட்டிருக்கவே கூடாது. பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் கிளினிக்ல ஒக்காந்துக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவள பாத்து எத்தனாவது மாசம்னு ஒருத்தி கேப்பாளா? இங்க யாரு எதுக்கு வருவாங்கன்னு தெரிஞ்சும் கேட்டேன் பாரு. இல்ல, எந்திரிக்காத. அந்த நாற்காலியில ஏசி நேரா மூஞ்சில அடிக்கும், தும்மல் வரும். எனக்கு இப்ப ஒரு தும்மல் வந்தா பாதி உயிரு போயிடும், அதனாலதான் இங்க மாறி ஒக்காந்தேன். உக்காரு. திட்டணும்னா திட்டிடு, மனசுல வச்சுக்காத.

சிரிக்கிற. அப்பாடா. ஆனா என்னைச் சிரிக்க வச்சிடாத, தையல் போட்டு பதினாறு நாள்தான் ஆகுது.

ஆமா, அதேதான். டம்மி டக், தொப்பைக்குப் பண்ற ஆபரேஷன். நீயும் அதக் கேக்கத்தான் வந்தியா? இன்னும் முடிவு பண்ணலையா? பண்ணு, பண்ணாம இரு, அது உன் இஷ்டம். ஆனா அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கிறா பாரு, வயித்துல கைய வச்சுக்கிட்டு ஈன்னு இளிச்சுக்கிட்டு, அவ ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ இல்ல. பண்ணிக்கிட்டவ இப்படி இருப்பா, என்னைப் பாத்துக்கோ. கீழ விழுந்த கம்மலத் தேடுற மாதிரி குனிஞ்சே நடக்கிறேன்.

வலியா? மாத்திரைய நேரத்துக்குப் போட்டா வலி சொன்ன பேச்சு கேக்கும். நான் பெரிய இவ மாதிரி நாலாவது நாள் ஒரு வேளைய விட்டேன். வலிக்கலையே, எதுக்குப் போடணும்னு. ரெண்டே மணி நேரத்துல சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்துச்சு வலி. அப்புறம் அந்த மாத்திரை இன்னொரு வேலையும் பண்ணும். கிட்ட வா, சொல்றேன். அஞ்சு நாள் பாத்ரூமுக்குப் போயி சுவத்த மட்டும் பாத்துட்டு வந்தேன். முக்கவே கூடாதுன்னு டாக்டர் ஆர்டர். முக்காம எப்படிம்மா? மொத நாளே அதுக்கு மருந்து கேட்டு வாங்கிக்கோ. இதையெல்லாம் அந்த இளிக்கிறவ சொல்ல மாட்டா.

வீக்கமா? அது தனிக் கூத்து. காலையில கண்ணாடியில பாத்தா, ஆகா, நானா இதுன்னு இருக்கும். சாயங்காலம் பாத்தா போன தொப்ப திரும்பி வீட்டுக்கு வந்து ஒக்காந்திருக்கும். ஒரு நாள் கோவத்துல இங்க போன் போட்டு, வெட்டுனீங்களா இல்லையான்னே கேட்டுட்டேன். நின்னுக்கிட்டே இருந்தா நீர் எறங்கும், உப்பக் கொற, முட்டிக்கு அடியில தலகாணி வச்சுப் படு, வயித்துல கட்டியிருக்கிற பெல்ட்டக் கழட்டாதன்னாங்க. முழுசா வத்த மாசக்கணக்குல ஆகுமாம். இந்த பெல்ட் இருக்கே, சின்ன ஒறைக்குள்ள பெரிய தலகாணியத் திணிச்ச கத.

இதோ, சால்வைக்குள்ள தொங்குதே, ரப்பர் உருண்ட, இதுதான் இன்னைக்குப் பிரச்சன. வயித்துக்குள்ள இருந்து கொழாய் வருது, கெட்ட நீரெல்லாம் இதுல சேரும். தெனம் அளக்கணும். ரெண்டு நாள் சேந்தாப்புல முப்பது மில்லிக்குக் கீழ வந்தா எடுத்துடுவாங்க. நேத்து இருபத்தெட்டு. இன்னைக்கு இருபத்தாறு. இன்னைக்கு எடுக்கலன்னா நானே கத்திரிக்கோல எடுத்துடுவேன்.

வீட்டுல பாத்துக்கிறது அவருதான். டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறாரு. கட்டில்ல இருந்து என்னை எறக்குறத நீ பாக்கணுமே. மெதுவா, மெதுவா, லெப்ட்ல ஒடி, போதும் போதும், பிரேக்கப் புடி. பாத்ரூம் வாசல்ல வந்து ரிவர்ஸ் எடும்பாரு. அவரு காலு தன்னால பிரேக்கத் தேடி தரையில மிதிக்கும். நான் வயித்தப் புடிச்சுக்கிட்டு, சிரிக்க வைக்காதீங்க, செத்துருவேன்னு அழுவேன். நல்ல மனுஷன். இருபது வருஷத்துல ஒரு நாளும் என்னை இடிச்சதில்ல.

நானா? டெய்லர் கடை வச்சிருக்கேன். புதுசு தைக்கிறது கம்மி. லூசா இருக்கிறதப் புடிக்கிறது, டைட்டா இருக்கிறதப் பிரிச்சு விடறது. அதுலதான் மாட்டிக்கிட்டேன் கேளு. டாக்டர் டக்குன்னாரா, உள்ள சதைய மடிச்சுத் தைப்போம்னு கையால வேற மடிச்சுக் காட்டுனாரு. எனக்கு டக்கு தெரியாதா? டக்கு புடிச்சேதான சாப்புடுறேன். டக்குன்னா துணிய வெட்ட மாட்டோம்மா. உள்ள மடிச்சுத் தச்சு விட்டுடுவோம். வெளிய தெரியாது, ஆனா துணி அங்கயேதான் இருக்கும். வேணும்னா பிரிச்சுக்கலாம். அவரு அதுக்கப்புறம் தோலப் பத்தி என்னென்னவோ சொன்னாரு. நான் எங்க கேட்டேன், தெரிஞ்சவ மாதிரி தலையாட்டிக்கிட்டு இருந்தேன். பத்து பக்கத்துல கையெழுத்து வாங்குனாங்க. எவ படிச்சா?

ஆபரேஷன் அன்னைக்கு என்னை நிக்க வச்சு வயித்துல பேனாவால கோடு போட்டாரு. நான் பாத்துட்டு, சார், எடது பக்கம் கால் இன்ச் எறங்கியிருக்குன்னேன். மொறச்சாரு. அளந்து பாத்தா எறங்கித்தான் இருந்துச்சு. அழிச்சுப் போட்டாரே.

கண்ணு முழிச்சப்புறம் நர்சு வந்து பெருமையா சொல்றா, அக்கா, ஒன்ற கிலோ வெட்டி எடுத்திருக்கோம்னு. வெட்டியா? தொப்புளுக்குக் கூட புதுசா ஓட்ட போட்டு, சுத்தி காஜா எடுத்திருக்காங்க. நீட்டா இருக்கு, வேலையக் கொற சொல்ல மாட்டேன். ஆனா அந்த அர மயக்கத்துல, மிச்சத் துணியக் குடுங்கன்னு கேட்டுட்டேன். எங்க கடையில கைக்குட்ட அளவு மிஞ்சுனாலும் சுருட்டி கஸ்டமர் பையில வச்சிடுவேன், அந்தப் பழக்கம். அதெல்லாம் அப்பவே குப்பைக்குப் போயிடுச்சுக்கான்னு நர்சு சிரிச்சா. வண்டி தள்றவரு சிரிச்சாரு. டாக்டர் காதுக்குப் போயி அவரும் சிரிச்சாராம். எங்க வீட்டுக்காரரு மட்டும் சிரிக்கல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

இதோ, என்னைத்தான் கூப்பிடுறாங்க. வரேன் சிஸ்டர்! கொஞ்சம் கையக் குடும்மா. மெதுவா. பிரேக்கு.

ஏன் பண்ணிக்கிட்டேன்னா கேக்கிற? உன்கிட்ட இப்ப கேட்டேனே, அந்தக் கேள்விக்காகத்தான். பதினோரு வருஷமா பஸ்ஸுல, லிப்டுல, கடைக்கு அளவு குடுக்க வந்தவங்க, எல்லாரும் கேட்டுட்டாங்க. மொதல்ல சண்ட போட்டேன். அப்புறம் தெம்பு இல்லாம ஏழுன்னு சொல்ல ஆரம்பிச்சேன். ஏழுன்னா நல்லா எடம் விட்டு ஒக்கார வைப்பாங்க. பையனா பொண்ணான்னு கேப்பாங்க. பையன்னுவேன்.

பொய்யில்லம்மா. ஏழாம் மாசத்தோட நின்னுட்டான். பையன்தான். அவன வீட்டுக்கு எடுத்துட்டு வரல, அதனால யாரும் அவனப் பத்தி பேசறதும் இல்ல. ஊர் பேர் தெரியாத ஜனங்க பஸ்ஸுல கேட்டது மட்டுந்தான். இப்ப பதினாறு நாளா அதுவும் இல்லையா, உன்னப் பாத்ததும் வாயில வந்துடுச்சு.

அவன் இருந்த எடம் அது. வெளிய தெரியாம உள்ள மடிச்சு வச்சிருப்பாங்கன்னுதான் நெனச்சேன்.

வரேன் சிஸ்டர், வந்துட்டேன். அந்தப் பைய எடுத்துக் குடும்மா, கீழ குனியக் கூடாது எனக்கு.