தவக்காலத்தில் விட்டது

“…கறியெல்லாம் திங்கிறேன் மதினி. இந்தத் தவக்காலத்துக்குத் திட்டுறதைத்தான் விட்டிருக்கேன்.”

திருச்சுழி போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா இப்படிச் சொன்னதும் என் அரைத்தூக்கம் கலைந்தது. ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மருமகளைக் கூட்டிவரப் போகிறார்களாம்.

“திட்டாம ஒனக்குத் தூக்கம் வருதா?” என்று மதினி சிரித்தார்.

“வாய் வரைக்கும் வருது. ஒடனே, ஆண்டவரே, அவகிட்ட நல்லதா ஒண்ணு காட்டும்னு கேப்பேன். காட்டிருவாரு. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப என் தலைமாட்டுலயே உக்காந்து தூங்குனா, பாவம்.”

“அதுசரி, அவ வரமாட்டேன்னா?”

அதற்குள் போன் அடித்தது. மருமகள்தான்.

“நீங்க வந்தா கதவையே தொறக்க மாட்டேன்!”

பின்சீட்டில் எனக்கே கேட்டது. மதினி பயந்துபோய்ப் பார்த்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

பிறகு மெதுவாகச் சொன்னார்: “சரித்தா. ஒங்க வாசல்ல நெழலு இருக்குல்ல, நான் அதுல உக்காந்துக்கிறேன்.”

ஸ்டாப் வந்ததும், மதினிக்குக்கூடக் காத்திராமல் இறங்கி நடந்தார்.