மேஜரின் அலமாரி ஏறிய ஆம்புலன்ஸ்

பகல் இரண்டு மணி. பேய்க்கு இருட்டுதான் வேண்டுமென்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள்... இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

இராணுவ மருத்துவப் பிரிவில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அவர். கல்குவாரியைத் தாண்டினால் இருபது மைலுக்கு ஈ, காக்கை கிடையாது. அந்தச் சாலை. பின்னால் நோயாளி இல்லை. மாற்றலாகிப் போகும் மேஜரின் கண்ணாடி அலமாரி, சோபா, வாஷிங் மெஷின். பக்கத்து இருக்கையில் மேஜர். அந்த வருடம் அதிகாரிகளின் சாமானுக்காக ஆம்புலன்ஸ் போவது இது ஏழாவது தடவை; சித்தப்பாவுக்கு வயிறு எரிந்தது.

வண்டிக் கதவில் பிரிவின் சின்னம். ஒரு கோல், அதைச் சுற்றிய பாம்பு, கீழே விரித்த கை. சேர்ந்த அன்றே மனப்பாடம் செய்ய வைப்பார்கள். கோல், விழுந்தவன் ஊன்றி எழ. பாம்பு, அது தோலுரிப்பதுபோல் அவன் புதிதாய் எழ. கை... எவனையும் கைவிடமாட்டோம் என்ற சத்தியம்.

சாலையோரம் ஒருவன் நின்றான். சீருடை. தோளில் அதே சின்னம். ஒரு கை வயிற்றை அழுத்தியிருந்தது. மறு கையை நீட்டினான்.

சித்தப்பா பிரேக்கில் கால் வைத்தார்.

"நிறுத்தாதே. அலமாரிக் கண்ணாடி உடைஞ்சிடும். இடமும் இல்ல."

வண்டி தாண்டியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தார்... சாலை காலி.

மருந்து நெடி வந்தது. பிறகு ஈர இரும்பு நாற்றம். பின்னாலிருந்து... டொக். டொக். மூச்சிரைக்க ஒரு குரல்: "கோல்... விழுந்தவன்... ஊன்றி எழ..."

மேஜர் வெளிறிப்போனார். "வேகமா ஓட்டுய்யா!"

சித்தப்பாவுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. நடுச்சாலையில் நிறுத்தினார். பின்கதவைத் திறந்து அலமாரியை எட்டி உதைத்தார். சலார்! சோபா, மெஷின், எல்லாம் புழுதியில்.

"உன் வேலையே போயிடும்டா!"

"போகட்டும் சார். இது ஆம்புலன்ஸ். உங்க வீட்டு லாரி இல்ல."

மேஜரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். அவன் நின்ற இடத்தில் சக்கர ஸ்ட்ரெச்சரை இறக்கினார். ஆளில்லை. காத்திருந்தார்... மெத்தை மெல்ல அமுங்கியது. தள்ளி ஏற்றும்போது நல்ல கனம்.

மருத்துவமனை வாசலுக்கு நர்ஸம்மா ஓடிவந்தார். காலி ஸ்ட்ரெச்சருக்கு என்ன சொல்வதென்று சித்தப்பா விழித்தார். நர்ஸம்மாவோ குனிந்து பார்த்துவிட்டுச் சீறினார்.

"வயித்துல காயம்! ஏன்யா இவ்வளவு நேரம்? சரி, இவருக்குக் கட்டில் இருக்கு..." வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள இருக்கிற ஆறு பேரை எங்க படுக்க வைக்கிறது?"